செவியால் காணும் மீன் கூட்டம்



தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவர்க்கு மீன் சந்தையில் நேரும் முதல் இடர்ப்பாடு பெயரால் நேர்வதாகும். ஊரில் கானாங்கெளுத்தி என்று நாம் அறிந்த மீன் கேரளத்தில் அயிலை, மங்களூரில் பங்குடே, மும்பையில் பாங்டா. மத்தி மீனை மங்களூரில் பூத்தாயி என்கிறார்கள். கொல்கத்தாவில் பெருமதிப்புடன் வாங்கிச் செல்லப்படும் இலிஷ் மீன்தான் நம்முடைய உல்லம் என்பதைத் தெரிந்துகொள்ளச் சிலருக்கு ஓராண்டு பிடித்திருக்கும். எனினும் அங்கே மீன் கண்முன்னே கூடையில் கிடக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், விற்பவரைக் கேட்கலாம். கடலுக்குள், ஒளி புகாத ஆழத்தில் அசைந்துகொண்டிருக்கும் ஒரு கூட்டத்தை, வலையை இறக்குமுன்பே இன்ன மீன் என்று பெயரிட்டுச் சொல்ல இயலுமா? இத்தனை டன் இருக்கிறது என்று அளவிட்டுச் சொல்ல இயலுமா? இவ்விரு வினாக்களைப் பற்றியே இன்று நேயர்களுடன் உரையாட எண்ணுகிறோம். மீன் உண்ணாத நேயர்களும் சற்றுப் பொறுத்துக் கேட்கலாம். இதில் சமையலைப் பற்றிய செய்தி இதற்குமேல் வராது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொச்சித் துறைமுகத்திலிருந்து ஓர் இழுவைப் படகில் ஒரு நாள் கடலுக்குச் சென்றிருந்தோம். படகைச் செலுத்துபவரை அங்கே ஸ்ராங்கு என்று அழைப்பார்கள். அன்று நமக்கு வாய்த்த ஸ்ராங்கு குளச்சல் பக்கத்துத் தமிழர், அறுபதைக் கடந்தவர். குமரி மாவட்டத்து மீனவர்கள் கொச்சியிலும் மங்களூரிலும் குஜராத்திலும் படகுத் தொழில் செய்து வருவதை அந்தந்த ஊர்களில் வாழும் நேயர்கள் அறிந்திருப்பார்கள். அவர் தலைக்கு நேரே சுவரில் ஒரு சிறு திரை பொருத்தப்பட்டிருந்தது. திரையின் கீழே செந்நிறக் கோடாகக் கடலின் அடித்தரை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே நீல வெளி. திடீரென்று அந்த நீலத்தில், அடித்தரைக்குச் சற்று மேலே, பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகைத் திரள் தோன்றிற்று.

"மீனா?" என்று கேட்டோம்.

பெரியவர் சிரித்தார். "ஐயா, இந்தப் பெட்டி 'ஆள் இருக்கு' என்று சொல்லும். 'யார்' என்று கேட்டால் வாய் திறக்காது" என்றார்.

எதிரொலிக் கருவியைப் பற்றி நாம் படித்த நூல்கள் பலவற்றைவிட இந்த ஒரு வாக்கியம் செய்தியின் உள்ளே நம்மைக் கொண்டு சென்றது. அவர் சொன்ன இடத்தில்தான் விஞ்ஞானிகளும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக நின்று போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

கடலுக்குள் கண்ணுக்கு வேலை குறைவு. கதிரவனின் ஒளி தெளிந்த ஆழ்கடலிலேயே சுமார் 200 மீட்டருக்குக் கீழே பயன்படாத அளவுக்கு மங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் ஆற்று வண்டல் கலந்த கரையோர நீரிலோ சில மீட்டர் தூரமே தெரியும். இந்தச் சொற்பொழிவை நேயர்களிடம் கொண்டுவரும் வானொலி அலைகூட உப்பு நீருக்குள் சில அடிகளைத் தாண்டுவதில்லை. ஒலி ஒன்றே அங்கே தடையின்றி நெடுந்தூரம் செல்கிறது. காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும் ஒலி, கடல் நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடுகிறது.

நீரில் ஒலியின் வேகத்தை முதன்முதலில் செம்மையாக அளந்தவர்கள் கொல்லாடோன், ஸ்டூர்ம் என்னும் இருவர். 1826ஆம் ஆண்டு ஜெனீவா ஏரியில் ஒரு படகிலிருந்து மணியொன்றை நீருக்குள் தொங்கவிட்டு அடித்தார்கள். அடிக்கும் அதே கணத்தில் வெடிமருந்து பற்றி எரிந்து வெளிச்சம் காட்டும்படி செய்தார்கள். பதின்மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், நீருக்குள் ஊதுகுழல் போன்ற ஒரு குழாயை இறக்கிக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர், வெளிச்சத்தைக் கண்ட நேரத்துக்கும் மணியோசையைக் கேட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டார். விடை விநாடிக்கு 1,435 மீட்டர். குளிர்ந்த நன்னீருக்கு இது இன்றைய கணக்கோடு மிகவும் நெருங்கியது. ஒரு மணியும் ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் கொண்டு செய்த வேலை என்பதை நினைக்கையில் வியப்பு ஏற்படுகிறது.

பாட்னாவிலும் வாராணசியிலும் வாழும் நேயர்கள் கங்கையில் மூச்சுவிட எழுந்து மறையும் ஓங்கிலைப் பார்த்திருக்கலாம். இந்திய அரசு 2009ஆம் ஆண்டு தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்த உயிர் அது. அதற்குப் பார்வை இல்லையென்றே சொல்லலாம்; கலங்கிய ஆற்றில் பார்வை இருந்தும் பயனில்லை. மிக நுண்ணிய ஒலித் துடிப்புகளை வெளியிட்டு, அவை மீனின் மேல் பட்டுத் திரும்புவதைக் கேட்டே அது இரை தேடுகிறது. மனிதன் இந்த வித்தையைக் கற்றது அச்சத்தினால். 1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கியபின், முன்னே இருக்கும் பனிமலையை ஒலியால் அறிய முடியுமா என்று பலர் முயன்றனர். அமெரிக்காவில் பணியாற்றிய ஃபெஸ்ஸென்டன் 1914இல் பனிமலையிலிருந்து எதிரொலியைப் பெற்றுக் காட்டினார். அடுத்து வந்த முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடவேண்டிய நெருக்கடி பிறந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி லான்ழ்வேன், அழுத்தினால் மின்சாரம் தரும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு, செவிக்கு எட்டாத ஒலியைக் கற்றையாக்கி நீருக்குள் செலுத்தினார். இன்று சோனார் என்று நாம் வழங்கும் கருவிக்கு அதுவே முன்னோடி.

கருவியின் கணக்கு எளிது. கப்பலின் அடியிலிருந்து ஒரு துடிப்பு புறப்படுகிறது. அரை விநாடியில் அது திரும்பி வந்தால், போகவும் வரவும் 750 மீட்டர் ஓடியிருக்கிறது. ஆகவே தரை 375 மீட்டருக்குக் கீழே இருக்கிறது. போர் முடிந்தபின் கப்பல்கள் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவதை விட்டு இந்த ஆழமானியைக் கொள்ளத் தொடங்கின. அப்போதுதான், தரைக்கு மேலே, இருக்கக்கூடாத இடத்தில், சில நிழல்கள் தோன்றுவதை மாலுமிகள் கண்டார்கள்.

ஜப்பானில் கிமுரா என்னும் ஆராய்ச்சியாளர் 1929இல் வெளியிட்ட சோதனை, அந்த ஐயத்தைக் கரைக்குக் கொண்டுவந்து தீர்த்தது. மீன்கள் உள்ள ஒரு குளத்தின் குறுக்கே ஒலிக்கற்றையைச் செலுத்தி, மீன்கள் அதை ஊடுருவும்போதெல்லாம் ஒலி மாறுபடுவதை அவர் காட்டினார். நார்வே நாட்டின் ஆஸ்கார் சுண்ட் 1935இல், லோஃபோட்டன் தீவுகளுக்கு அருகே முட்டையிட வந்த காட் மீன்கள் நீரிடையே ஒரு மெல்லிய படலம்போல் பரந்து நிற்பதை ஆராய்ச்சிக் கப்பலின் எதிரொலித் தாளிலே காட்டினார். இங்கிலாந்தில் ரொனால்ட் பால்ஸ் என்ற படகுத் தலைவர், தாம் கண்ட எதிரொலி அடையாளங்களையும் பின்னர் வலையில் ஏறிய ஹெர்ரிங் மீனையும் ஒப்பிட்டுக் குறிப்பெழுதி வைத்தார். விஞ்ஞானி எழுதிய குறிப்பும் மீனவர் எழுதிய குறிப்பும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்திருப்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் மீனிடமிருந்து எதிரொலி ஏன் வருகிறது? மீனின் தசையில் பெரும்பகுதி நீரே. நீருக்குள் நீர்போன்ற பொருளில் ஒலி பட்டால் பெரும்பாலும் ஊடுருவிச் சென்றுவிடும். மீனை ஒலிக்குக் காட்டிக்கொடுப்பது அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையாகும். மிதப்பதற்காக மீன் சுமந்து திரியும் அந்தச் சிறு பையிலிருந்தே எதிரொலியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வருகிறது. மீனின் உடலைக் கருவி அநேகமாகக் காண்பதில்லை. அதனுள் அடைபட்ட காற்றைக் காண்கிறது என்றே சொல்லலாம்.

இதிலிருந்துதான் சிக்கல்கள் தொடங்குகின்றன. எல்லா மீனுக்கும் காற்றுப்பை இல்லை. சுறாவுக்கு இல்லை. அட்லாண்டிக் கடலின் கானாங்கெளுத்தி இனத்துக்கு இல்லை. சூரை இனங்களுள் மஞ்சள் துடுப்புச் சூரைக்கு உண்டு; அதன் தாயாதியான வரிச் சூரைக்கு இல்லை. ஆகவே பை உள்ள சிறு மீன் கூட்டம், பையற்ற பெரு மீன் கூட்டத்தைவிட உரத்துப் பதில் சொல்லும். ஹெர்ரிங் மீனோ மேற்பரப்பில் காற்றை விழுங்கிப் பையை நிரப்பிக்கொள்வது. ஆழத்துக்குப் போகப் போக நீரின் அழுத்தத்தால் பை சுருங்கி, அதே மீனின் எதிரொலி குன்றிவிடுகிறது. மீன் படுக்கையாக நீந்தினால் ஓர் எதிரொலி. தலையைக் கவிழ்த்துக் கீழே பாய்ந்தால் வேறோர் எதிரொலி. கப்பலின் இரைச்சலைக் கேட்டு மீன் பாய்வதும் அவ்வாறுதான். ஆக, நம்முடைய கேள்வியே மறுமொழியை மாற்றிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது நடந்த ஒரு வேடிக்கையையும் இங்கே குறிப்பிடலாம். 1942இல் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடற்படைக்காகச் சோனார் சோதனை செய்தவர்கள், ஆழ்கடலின் நடுவே, சுமார் 300 மீட்டருக்குக் கீழே, ஒரு தரை இருப்பதாகக் கண்டார்கள். வரைபடத்தில் அப்படிப்பட்ட தரை ஏதுமில்லை. மார்ட்டின் ஜான்சன் என்ற உயிரியலறிஞர், அது உயிருள்ளதாக இருந்தால் மாலையில் மேலே வரவேண்டும் என்று கருதினார். 1945இல் கப்பலில் சென்று பார்த்தபோது பொழுது சாய்ந்ததும் அந்தப் பொய்த் தரை மெல்ல மேலேறிற்று. விடியலில் மீண்டும் இறங்கிற்று. சிறு மீன்களும் இறால் இனங்களும் பிறவும் அடர்ந்த உயிர்ப் படலம் அது. உலகின் எல்லாப் பெருங்கடல்களிலும் நாள்தோறும் நடக்கும் இந்த ஏற்றமும் இறக்கமும், சோனார் இல்லாதிருந்தால் நமக்கு இவ்வளவு எளிதில் தெரிய வந்திருக்காது. அரபிக் கடலின் வடபகுதியில் இத்தகைய விளக்கு மீன்கள் பெருந்திரளாக வாழ்வதை, 'டாக்டர் ஃபிரித்யோஃப் நான்சென்' என்ற ஆராய்ச்சிக் கப்பல் 1975, 76ஆம் ஆண்டுகளில் எதிரொலி கொண்டு கணித்தது.

பெயரைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு வருவோம். துப்பறிபவர் எவ்வாறு ஒரே தடயத்தை நம்புவதில்லையோ, அவ்வாறே இங்கும் பல தடயங்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். கூட்டத்தின் உருவம் ஒரு தடயம்: தூண்போல் நிற்கிறதா, பாய்போல் விரிந்திருக்கிறதா, தரையை ஒட்டிக் குவிந்திருக்கிறதா என்று நோக்குவார்கள். ஆழமும் நேரமும் பிற தடயங்கள். பகலில் இறுகித் திரண்டு நிற்கும் மீன்கள் பல, இரவில் கலைந்து பரவிவிடும். இவற்றையெல்லாம்விட வலிய தடயம் ஒலியின் சுருதி என்று சொல்லத் தகும். விநாடிக்கு 38,000 அதிர்வுள்ள ஒலியின் அலை நீரில் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம். 2,00,000 அதிர்வுள்ள ஒலியின் அலையோ 7.5 மில்லிமீட்டர்தான். முன்னது ஆயிரம் மீட்டருக்கும் கீழே செல்லும்; பின்னது சில நூறு மீட்டருக்குள் களைத்துவிடும். ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு சுருதிக்கு வெவ்வேறு வலிமையில் பதில் சொல்கிறது. அட்லாண்டிக் கானாங்கெளுத்தி தாழ்ந்த சுருதியில் மெல்ல முணுமுணுத்து, உயர்ந்த சுருதியில் உரத்து ஒலிக்கும். காற்றுப்பையுள்ள ஹெர்ரிங் இவ்வாறு செய்வதில்லை. ஆகவே பல சுருதிகளை ஒரே நேரத்தில் அனுப்பி, வரும் விடைகளை ஒப்பிட்டு இரண்டையும் பிரிக்கிறார்கள். இன்றைய புதிய கருவிகள் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை ஒரே மூச்சில் இழுத்துப் பாடுகின்றன. ஆலாபனைக்குக் கிடைக்கும் மறுமொழி, தனிச் சுரத்துக்குக் கிடைப்பதைவிடச் செறிவாக இருப்பது இயல்பே.

இவ்வளவுக்குப் பின்னும் ஆராய்ச்சிக் கப்பல் வலையை இறக்கத்தான் செய்கிறது. எதிரொலியில் தோன்றிய திரளின் ஊடே வலையை இழுத்து, ஏறிய மீனை எண்ணி, நீளம் அளந்து, இன்னதென்று எழுதிக்கொள்கிறார்கள். குளச்சல் பெரியவரின் வாக்கியத்துக்கு எந்தக் கருவியும் முழு விடை தரவில்லை என்பதற்கு இந்த வலையே சாட்சி.

எத்தனை மீன் என்ற கேள்வி வேறு வகையானது. 1965ஆம் ஆண்டு நார்வேயின் டிராகசுண்ட், ஓல்சன் என்ற இருவர் ஒரு வழியைக் காட்டினார்கள். ஒரு மீனின் எதிரொலி வலிமை தெரிந்தால், கூட்டத்திலிருந்து வரும் எதிரொலிகளின் ஆற்றலையெல்லாம் கூட்டி, அந்த ஒன்றால் வகுத்துவிடலாம் என்பதே அது. கல்யாணப் பந்தியில் ஓர் இலைக்கு எவ்வளவு சோறு என்று தெரிந்தால், வடித்த சோற்றின் அளவிலிருந்து இலைகளை எண்ணிவிடலாம் அல்லவா? கணக்கு சரியாக வரவேண்டுமானால் கருவி பொய் சொல்லாதிருக்கவேண்டும். அதற்காக ஒரு சிறிய செப்புக் குண்டைத் தூண்டில் நரம்புகளில் கட்டிக் கப்பலுக்கு அடியில் தொங்கவிடுகிறார்கள். 38,000 அதிர்வுக்கு அதன் விட்டம் 60 மில்லிமீட்டர். அந்தக் குண்டு எவ்வளவு எதிரொலி தரவேண்டும் என்பது கணிதத்தால் முன்பே தெரியும். கருவி காட்டுவதை அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். வணிகர் தராசுக்கு முத்திரையிடுவது போன்றதே இதுவும். கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கப்பல், எலுமிச்சம்பழ அளவுள்ள ஒரு செப்புக் குண்டுக்குக் கட்டுப்பட்டு அசையாமல் நிற்கும் காட்சி பார்க்கத்தக்கது.

'இருக்கிறது' என்று மட்டும் சொல்லும் கருவிக்கும், 'இன்னது, இவ்வளவு' என்று சொல்லும் கருவிக்கும் உள்ள வேறுபாடு வெறும் கல்வி ஆராய்ச்சி அன்று. நார்வே, ஐஸ்லாந்து நாடுகளின் கடற்கரை மக்கள் அதன் விலையைக் கொடுத்திருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டு 'ஜி.ஓ. சார்ஸ்' என்ற புதிய ஆராய்ச்சிக் கப்பலில் ஃபின் டெவோல்ட் என்ற அறிஞர் நார்வேக் கடலுக்குள் சென்றார். குளிர்காலத்தைத் திறந்த கடலில் கழித்துவிட்டு முட்டையிடக் கரையை நோக்கி வரும் ஹெர்ரிங் கூட்டங்களைச் சோனாரால் தேடிப் பின்தொடர்ந்தார். கூட்டம் இன்று இங்கே வந்திருக்கிறது, இன்னும் சில நாளில் கரையை அடையும் என்று அவர் அனுப்பிய செய்திகள் வானொலியில் ஒலிபரப்பாயின. துறைமுகங்களில் ஆயிரக்கணக்கான மீனவர்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்று கேட்டார்கள். வானொலிப் பணியில் ஈடுபட்டவர் எவருக்கும் இந்தக் காட்சி நெஞ்சை நிறைக்கும்.

ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் சோனார் மீன்பிடிப் படகுகளிலேயே ஏறிவிட்டது. மிகப் பெரிய சுருக்கு வலையை இயந்திரக் கப்பி கொண்டு இழுக்கும் முறையும் வந்தது. முன்பெல்லாம் ஹெர்ரிங் கரைக்கு வரும் வரை மனிதன் காத்திருந்தான். இப்போது அது எங்கே ஒளிந்தாலும் தேடிச் சென்றான். 1966இல் மட்டும் பிடித்தது ஏறத்தாழ 20 இலட்சம் டன். முதிர்ந்த மீனோடு குஞ்சுகளையும் பெருமளவில் வாரினார்கள். 1970ஐ ஒட்டி அந்த இனம் அறவே அருகிப் போயிற்று. ஹெர்ரிங்கினால் செழித்த ஐஸ்லாந்து ஊர்களில் ஆலைகள் மூடிக் கிடந்தன. 1983இல் பிறந்த ஒரு நல்ல தலைமுறையைப் பாதுகாத்து வளர்த்தபின், தொண்ணூறுகளில்தான் கூட்டம் மீண்டும் திறந்த கடலுக்குத் திரும்பிற்று. தேடும் கருவி எல்லார் கையிலும் இருந்தது. எண்ணும் கருவியோ அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. குற்றம் முழுவதையும் சோனார் மீது சுமத்துவது நேர்மையன்று என்றாலும், அது இல்லாதிருந்தால் அவ்வளவு விரைவில் முடிந்திராது என்பதே நம் கருத்து. பேரண்ட்ஸ் கடலில் கேப்லின் என்ற சிறு மீனுக்குப் பின்னர் வேறு வழி பின்பற்றப்பட்டது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் எதிரொலியால் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் மீன்பிடியை மூடிவிடுவார்கள். எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளின் நடுவிலும் அவ்வாறு மூடப்பட்டிருந்தது.

நம் நாட்டில் இந்த வேலை கொச்சியை மையமாகக் கொண்டு நடந்தது. இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் நிறுவனமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கியது 1950களில். பின்னர், 1971 முதல், ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் உதவியோடு மேல்நீர் மீன்களை ஆராயும் திட்டமொன்று கொச்சியில் இயங்கிற்று. அதன் கப்பல்களின் பெயர்கள் 'சார்டினெல்லா', 'ராஸ்ட்ரெல்லிகர்'. முன்னது மத்தியின் விஞ்ஞானப் பெயர். பின்னது கானாங்கெளுத்தியின் பெயர். இரத்தினகிரி முதல் தூத்துக்குடி வரை அவை குறுக்கும் நெடுக்குமாகக் கடலை உழுது எதிரொலி எடுத்தன. மத்தியையும் கானாங்கெளுத்தியையும் தேடப் போனவர்கள், அதுவரை மீனவர் அவ்வளவாகப் பிடிக்காத நெத்திலி பெருந்திரளாக இருப்பதைக் கண்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது தெற்கே நகர்ந்து மன்னார் வளைகுடாப் பக்கம் குவிவதும் எதிரொலித் தாள்களில் தெரிந்தது. சிறு நெத்திலிக்குக் கொச்சியும் தூத்துக்குடியும் ஒரே வீட்டின் இரு அறைகள் போலும்.

நம் கடலில் இந்த வேலை நார்வேயைவிடக் கடினமானது. குளிர்ந்த கடலில் ஒரே இன மீன் மைல் கணக்கில் பரந்து நிற்கும். நம் வெப்பக் கடலிலோ பல இனங்கள் ஒன்றோடொன்று கலந்து வாழ்கின்றன. மத்தி பெரும்பாலும் கரையோர ஆழமற்ற நீரில், மேற்பரப்பை ஒட்டித் திரிகிறது. கப்பலோ அங்கே வர இயலாது. வந்தாலும் அதன் அடியிலிருந்து கீழ்நோக்கிப் புறப்படும் ஒலி, மேலே இருக்கும் மீனை எவ்வாறு காணும்? பக்கவாட்டில் நோக்கும் சோனார் ஓரளவு உதவும். மத்தியின் ஏற்ற இறக்கம் வேறு பெரிது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 இலட்சம் டன் கிடைத்த மீன், 2021இல் 3,297 டன்னாகச் சுருங்கிற்று. அதன்பின் மீண்டும் பெருகலாயிற்று. பருவக்காற்றும் கடலடி நீரின் எழுச்சியும் இதில் பெரும்பங்கு கொள்கின்றன. இத்தகைய மீனைக் கரையில் இறங்கிய கூடைகளை எண்ணி மட்டும் அறிய முயல்வது, வங்கியிலிருந்து எடுத்த பணத்தை எண்ணி இருப்பைக் கணக்கிடுவதற்கு ஒப்பாகும். ஹைதராபாத்திலிருந்து செயற்கைக்கோள் துணைகொண்டு மீனவர்க்கு அறிவிப்பு வருகிறது, மிகவும் பயனுள்ளதே. ஆயினும் செயற்கைக்கோள் காண்பது கடலின் நிறத்தையும் வெப்பத்தையும்தான், மீனை அல்ல.

கூட்டம் எவ்வாறு கூட்டமாகிறது என்பதையும் சோனார் கடைசியில் காட்டிவிட்டது. அமெரிக்காவின் கீழைக்கரையில் ஜார்ஜஸ் திட்டு என்னும் இடத்தில் 2006இல் மக்ரிஸ் என்பவரின் குழு, தாழ்ந்த சுருதியுள்ள ஒலியைக் கிடையாகப் பரப்பி, பல கிலோமீட்டர் பரப்பை ஒரே வேளையில் நோக்கிற்று. மாலையில் ஹெர்ரிங் மீன்கள் சிதறித் திரிந்தன. 5 சதுர மீட்டருக்கு ஒரு மீன் என்ற அடர்த்தியை ஓரிடம் எட்டியதும், அங்கிருந்து அலைபோல் செய்தி பரவி, சிறிது நேரத்தில் பரந்த கடலெங்கும் மீன்கள் ஒன்றுசேர்ந்து முட்டையிடும் திட்டை நோக்கி நகர்ந்தன. முதலில் கூடியவை சிலவே. ஊர்த் திருவிழாவில் கூட்டம் சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

மீண்டும் கொச்சிப் படகுக்கு வருவோம். திரையில் புகைத் திரள் இன்னும் இருந்தது. பெரியவர் அதைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டிக் கடற்பறவைகளைப் பார்த்தார். நீரின் நிறத்தைப் பார்த்தார். "இருபத்திரண்டு பாகம். தரையோடு ஒட்டாமல் நிற்கிறது. ஓரம் கிழிந்தாற்போல் இருக்கிறது. நெத்திலியாக இருக்கும் ஐயா" என்றார். மடியை இறக்கச் சொன்னார்.

ஒரு மணி நேரத்துக்குப் பின் வலை ஏறிற்று. தளத்தில் கொட்டியபோது பெரும்பகுதி நெத்திலிதான். நடுநடுவே காரல் மீன்கள் வெள்ளிக் காசுபோல் மின்னின. நம்மோடு வந்திருந்த ஆராய்ச்சி மாணவர் ஒரு கூடையைத் தனியே எடுத்துவைத்து, மீன்களை அளவுப் பலகையில் ஒவ்வொன்றாக வைத்து நீளத்தைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். பெரியவர் அருகில் வந்து குனிந்து பார்த்தார்.

"இதை நான் சொன்னதும் எழுதுவீர்களா தம்பி?" என்று கேட்டார்.

மாணவர் நேரம், ஆழம், இடம் என்று எழுதியிருந்த வரிக்கு எதிரே, வலை இறங்குமுன் ஸ்ராங்கு கூறியது நெத்திலி என்று ஒரு குறிப்பைச் சேர்த்து, அவருக்குப் படித்துக் காட்டினார்.